ஒரு வெட்டுக்குத் தாங்கும் கை

இதை வலது கையால்தான் எழுதுகிறேன். எழுத்து கோணலாகத்தான் வருகிறது. பள்ளிக்கூடத்திலேயே வாத்தியார் என் நோட்டைப் பார்த்து, "வீரையா, கோழியை மையில முக்கி விட்டியாடா?" என்று கேட்டவர்தான். ஆகவே கோணலுக்கெல்லாம் வெட்டைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இந்த விரல்கள் மடங்கிப் பேனாவைப் பிடிப்பதற்குப் பின்னால் நான்கு மாதத்து ஆஸ்பத்திரி வாசம் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் வெட்டுப்படுகிறவர்களுக்குப் பஞ்சமில்லை. அடுத்து படப்போகிறவனுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

முதலில் சண்டையைச் சொல்லிவிடுகிறேன். கோயில் நிலம், அப்பா காலத்திலிருந்து எங்கள் குத்தகை. அப்பா செத்தபின் என் பேருக்குப் பதிவு மாற்ற நான் தாலுகா ஆபீசுக்கு அலைந்துகொண்டிருந்தபோதே, சித்தப்பா மகன் தங்கராசு அந்த நிலத்தை ஏலத்தில் எடுத்துவிட்டதாகக் காகிதத்தோடு வந்து நின்றான். ஒரு காலத்தில் அவன் வேட்டிக்கரையும் என் வேட்டிக்கரையும் ஒரே நிறம். கட்சி உடைந்த பிறகு அதுவும் உடைந்தது. எந்தக் கரை ஆட்சியில் இருக்கிறதோ அந்தப் பக்கம் போலீஸ் ஸ்டேஷன் சாயும். அந்த வருடம் அவன் பக்கம் சாய்ந்திருந்தது.

விதைத்தது நான், தண்ணீர் கட்டியது நான். அறுக்க வந்தது இரண்டு பேரும். விடிந்து கொஞ்ச நேரத்தில் இரண்டு பக்கத்து ஆட்களும் ஒரே வயலில் இரண்டு மூலையில் இறங்கினோம். நடுவில் சந்தித்தபோது பேச்சுக்கு வேலையில்லாமல் போய்விட்டது. அவன் ஆள் ஒருவன் வண்டியில் பூட்டியிருந்த என் செவலைக் காளையின் பின்னங்காலைக் குதிகாலுக்கு மேலே அரிவாளால் ஒரே போடாகப் போட்டான். மாடு கத்திய கத்தல் இன்னும் என் காதில் இருக்கிறது. எழுந்திருக்கப் பார்த்தது, கால் மட்டும் தனியாக ஆடியது, மறுபடி விழுந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது தங்கராசு வீச்சரிவாளை என் தலைக்கு ஓங்கினான்.

வெறுங்கையால் பிடித்தேன். பிடித்தது இரும்பு என்கிற புத்தி அப்போது இல்லை. அவன் உருவினான். வலிக்கவில்லை. ஈரக்கயிறு அறுகிற மாதிரி ஒரு சத்தம் மட்டும் கேட்டது. விரல்கள் நான்கும் இருந்தன, ஆனால் என் பேச்சைக் கேட்கவில்லை. அதற்குள் என் மச்சான் முருகையன், என் பெண்டாட்டி கோமதியின் தம்பி, வண்டியில் கிடந்த கடப்பாரையால் தங்கராசின் தொடையில் ஒரு போடு போட்டான். எலும்பு முறிந்தது வரப்பில் நின்றவர்களுக்கெல்லாம் கேட்டதாம்.

யாரோ வாய்க்கால் சேற்றை அள்ளி என் உள்ளங்கையில் அப்பித் துண்டால் இறுக்கிக் கட்டினார்கள். சேறு ரத்தத்தை நிறுத்தும் என்பது எங்கள் ஊர் வைத்தியம். நல்ல எண்ணத்தில் செய்தார்கள். அந்த நல்ல எண்ணம் என்னை என்ன பாடு படுத்தியது என்று பின்னால் சொல்கிறேன்.

அன்றைக்கு ஊரில் ஓடுகிற நிலையில் இருந்தது ஒரே ஒரு ரைஸ்மில் லாரி. வெட்டியவனையும் வெட்டுப்பட்டவனையும் அதிலேயே போட்டார்கள். தவிட்டு மூட்டைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவன். முறைப்படி அவன் என்னை அண்ணன் என்று கூப்பிட வேண்டும். லாரியில் அவன் கூப்பிட்டதை இங்கே எழுத முடியாது. நான் மூட்டையைத் தாண்டிக் காலை நீட்டி முறிந்த தொடையிலேயே உதைத்தேன். அவன் அலறியது எனக்கு இதமாக இருந்தது. மறைக்கவில்லை, அப்படித்தான் இருந்தது.

தஞ்சாவூரில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பெயர் வேண்டாம், அந்த இடத்துக்கு நாங்கள் செய்த மரியாதைக்குப் பெயரும் போடுவது அழகில்லை. எலும்பு வார்டில் வாசல் பக்கம் எனக்குக் கட்டில், கடைசி ஜன்னல் பக்கம் அவனுக்கு. வேறு இடமில்லை என்றார்கள். நடுவில் ஒரு போலீஸ்காரர் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து வேர்க்கடலை உரித்தார்.

அன்று மத்தியானம் என் கையைக் கழுவினார்கள். சேறு அப்பியதால்தான் அந்தக் கழுவல். சோப்பும் பிரஷும் போட்டு, பிளந்து கிடந்த உள்ளங்கைக்குள் தேய்த்தார்கள். மரப்பு ஊசி போட்டிருந்தும் நான் கத்திய கத்தலில் கோமதி வராந்தாவில் மயங்கி விழுந்தாள். வாய்க்கால் சேற்றில் டெட்டனஸ் என்கிற வில்வாத ஜன்னி வரைக்கும் எல்லாக் கிருமியும் இருக்குமாம். "சேறு பூசாம சுத்தமான துணியைச் சுத்திக் கொண்டாந்திருந்தா இன்னிக்கே தைச்சிருப்பேன்" என்றார் பெரிய டாக்டர். சீழ் பிடிக்கவில்லை என்று தெரிய ஒரு வாரம் காத்திருக்க வேண்டியதாயிற்று. எழுதியதில் எது மறந்தாலும் இதை மறக்காதீர்கள்: சேறு வேண்டாம், சாணி வேண்டாம், சுத்தமான துணி போதும்.

இரண்டாம் நாள் இரண்டு பக்கத்துச் சொந்தக்காரர்களும் ஒரே நேரத்தில் சாப்பாடு கொண்டுவந்தார்கள். வார்டுக்குள்ளேயே மறுபடி ஆரம்பித்தது. குளுக்கோஸ் ஏற்றுகிற கம்பியைப் பிடுங்கி அடித்தார்கள். சாப்பாட்டுக் கேரியர் பறந்தது. போலீஸ்காரர் கடலையோடு கட்டிலுக்கு அடியில் போய்விட்டார். ரசம் நிறைந்த ஒரு கேரியர், எங்களுக்குச் சம்பந்தமே இல்லாமல் பக்கத்துக் கட்டில் கிழவருக்குக் கட்டு மாற்றிக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் நெற்றியில் போய் விழுந்தது. வெள்ளைக் கோட்டில் ரசமும் ரத்தமும் வழிய அவள் நிமிர்ந்தாள்.

"கட்டு முடிஞ்சதும் போறேன், அதுவரைக்கும் இந்தப் பக்கம் எறியாதீங்க" என்றாள். பிறகு குனிந்து கிழவரின் கட்டை முடித்துவிட்டுத்தான் தன் நெற்றிக்குத் தையல் போட்டுக்கொள்ளப் போனாள். அவள்தான் மல்லிகா.

டாக்டருக்குப் படித்துக்கொண்டிருந்தவள். ஆனால் சாதாரண டாக்டர் படிப்பு இல்லை. அந்த ஆஸ்பத்திரியில் எலும்புக்கு இருந்த பெரிய டாக்டரும், தொழில்நுட்பப் பள்ளியில் லேத்துப் பட்டறை நடத்திய இஞ்சினியர் ஒருவரும் சேர்ந்து ஒரு காரியம் தொடங்கியிருந்தார்கள். மாணவர்களில் ஆறு பேரைப் பொறுக்கி எடுத்து, காலையில் வார்டு, மத்தியானம் பட்டறை என்று இரண்டு படிப்பையும் ஒன்றாகச் சொல்லிக்கொடுத்தார்கள். உடம்பு தெரிந்தவனுக்கு இரும்பு தெரியவில்லை, இரும்பு தெரிந்தவனுக்கு உடம்பு தெரியவில்லை, நடுவில் நோயாளி சாகிறான் என்பது பெரிய டாக்டரின் கட்சி. நர்சுகள் அந்த ஆறு பேருக்கும் ஸ்பேனர் டாக்டர் என்று பேர் வைத்திருந்தார்கள். கோட்டுப் பையில் ஒரு பக்கம் ஸ்டெதஸ்கோப்பும் மறுபக்கம் குறடும் இருக்கும்.

என்னை அவளிடம் ஒப்படைத்தபோது நான் குதித்தேன். "முழு டாக்டர் கிடைக்கலையா? மேஸ்திரிகிட்ட விடுறீங்க?" என்றேன்.

"மேஸ்திரி கட்டின வீட்டுலதானே படுக்குறீங்க" என்றார் பெரிய டாக்டர்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எந்த ஊர், யார் வீட்டுப் பெண் என்று வழக்கம்போல விசாரித்தேன். "திருப்பனந்தாள் பக்கம். அப்பா பண்ணையாளா இருந்தாங்க" என்று பளிச்சென்று சொன்னாள். என் அப்பா அப்படிப்பட்ட வீட்டு ஆட்களைக் களத்து மேட்டுக்கு அப்பால் நிறுத்தித்தான் நெல் அளந்தார். அந்த வீட்டுப் பெண் என்னை, "வீரையன், கையைக் காட்டுங்க" என்று பேர் சொல்லிக் கூப்பிட்டது முதல் நான்கு நாள் எனக்கு உறுத்தியது. ஐந்தாம் நாள் வலி அந்த உறுத்தலைத் தின்றுவிட்டது.

அவள் முதலில் கேட்ட கேள்வி, எந்த டாக்டரும் என்னிடம் கேட்காதது. "இந்தக் கை உங்களுக்கு என்ன வேலைக்கு வேணும்?"

"கைன்னா எல்லாத்துக்கும்தான்" என்றேன்.

"அப்படிச் சொன்னா செய்ய முடியாதுங்க. என்ன பாரம் தாங்கணும்னு தெரியாம எதையும் செய்யாதேன்னு பட்டறை சார் சொல்லுவார். ஒரு வேலை சொல்லுங்க."

அந்த ஒரு வேலை என் மனதில் தயாராக இருந்தது. இந்தக் கையால் தங்கராசை வெட்ட வேண்டும். அவன் உருவிய மாதிரியே நானும் உருவ வேண்டும். கழுவும்போது கத்தினேனே, அப்போதும் வாய்க்குள் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் வெளியே, "கதிர் அறுக்கணும்" என்றேன். நோட்டில் எழுதிக்கொண்டாள்.

ஒரு வாரம் கழித்துத் தைத்தார்கள். கையில் அறுந்ததையெல்லாம் நாம் நரம்பு என்று ஒரே பேரில் சொல்கிறோம். அவள் படம் போட்டுக் காட்டினாள். விரலை மடக்குகிற கயிறு வேறு, அதற்குத் தசைநாண் என்று பேர். தொட்டதை உணர்த்துகிற நரம்பு வேறு. எனக்கு நான்கு விரலிலும் கயிறு அறுந்திருந்தது, இரண்டு விரலில் நரம்பும் போயிருந்தது. அறுந்த கயிறு ரப்பர் மாதிரி உள்ளே சுருண்டு போய்விடுமாம். தேடி எடுத்து இழுத்துத் தைக்க வேண்டும்.

"மாட்டுக்கும் இதே கயிறு இருக்கா?" என்று கேட்டேன்.

"இருக்கு. குதிக்கு மேல தடியா இருக்கும்."

செவலைக்கு அறுந்தது அதுதான். அதற்குத் தைக்க ஆள் இல்லை. மூன்று நாள் கொட்டகையில் கிடந்து கத்திவிட்டுச் செத்தது என்று முருகையன் வந்து சொன்னான். போர்வையை வாயில் திணித்துக்கொண்டு அழுதேன்.

தைத்த கயிற்றை அசைக்காமல் விட்டால் சுற்றியுள்ள சதையோடு ஒட்டிக்கொள்ளும், விரல் கட்டையாகிவிடும். அவசரப்பட்டு மடக்கினால் தையல் பிய்ந்துவிடும். இரண்டுக்கும் நடுவில் போக ஒரு கருவி வேண்டும். மல்லிகா பட்டறையில் அதைச் செய்து கொண்டுவந்தாள். முன்கைக்கு மாவுக்கட்டு, அதன்மேல் வளைத்த குடைக்கம்பி, ஒவ்வொரு நகத்திலும் ரவிக்கைக் கொக்கி, கொக்கியிலிருந்து மணிக்கட்டுக்குச் சைக்கிள் வால்வ் டியூப். விரலை நான் நீட்ட மட்டும்தான் வேண்டும். மடக்குகிற வேலையை ரப்பர் பார்த்துக்கொள்ளும். ரப்பர் எவ்வளவு இழுக்கிறது என்று மீன்காரர்களுடையது போன்ற ஒரு ஸ்பிரிங் தராசில் மாட்டிப் பார்ப்பாள்.

முதல் கருவியில் குடைக்கம்பி தோலில் உரசிப் புண்ணாக்கியது. எனக்கு வந்த ஆத்திரத்தில் கட்டோடு கையைக் கட்டில் கம்பியில் மோதப்போனேன். பட்டறை சார், அந்த இஞ்சினியர்தான், ஓடி வந்து என் தோளை அமுக்கிப் பிடித்துக்கொண்டார். பிறகு என்னைத் திட்டவில்லை, அவளைத்தான் திட்டினார்.

"முனையை உருட்டாம விட்டுருக்கே. மெஷின்ல இப்படி விட்டா சத்தம் வரும், இங்க ரத்தம் வருது. யாரு இதுக்குப் பொறுப்பு?"

"நான்தான் சார்" என்றாள். கண்ணில் தண்ணீர் நின்றது, விழவில்லை. மறுநாள் முனைகளை உருட்டி, உள்ளே கம்பளித் துணி வைத்த கருவியோடு வந்து நின்றாள். தப்பு செய்தவர்கள் மறுநாளே திருத்திக்கொண்டு வந்து நிற்பதை நான் எந்த ஆபீசிலும் பார்த்ததில்லை.

கோமதிதான் கூட இருந்தாள். எனக்குச் சோறு பிசைந்து ஊட்டுவாள். நான் வெட்கப்பட்டுத் தலையைத் திருப்பினால், "பிள்ளைங்க அடம் பிடிக்கும், ஆனா மீசை இருக்காது" என்பாள். அவள் வீட்டுக்குப் போன நாட்களில் பக்கத்துக் கட்டில் கிழவரின் மருமகள் எனக்கும் சேர்த்து இட்லியைப் பிய்த்து வைத்துவிட்டுப் போவாள். தங்கராசின் கட்டில் பக்கம் மட்டும் நாங்கள் பார்க்க மாட்டோம். அவன் தொடைக்கு முழங்காலுக்குக் கீழே கம்பி குத்தி, கயிறு கட்டி, கப்பியில் ஓடவிட்டு மணல்மூட்டை தொங்கவிட்டிருந்தார்கள். முறிந்த எலும்பை நீட்டிப் பிடிக்க அப்படி. அதையும் ஸ்பேனர் டாக்டர்கள்தான் செய்திருந்தார்கள். அந்தக் கயிற்றை ஒரு தடவை இழுத்தால் அவன் எப்படிக் கத்துவான் என்று நான் தினமும் கணக்குப் போட்டேன்.

ஆறு வாரம் கழித்து ரப்பரைக் கழற்றினார்கள். இனி நானே மடக்கலாம். மல்லிகா ரத்த அழுத்தம் பார்க்கிற பலூனைக் கையில் கொடுத்து அமுக்கச் சொல்லுவாள். முள் எழும்பும். ஏழாம் வாரம் முள் கொஞ்சம் நன்றாகவே எழும்பியது.

"இப்ப நிஜப் பிடியில பழகலாம். வீட்டுலேருந்து உங்க கருக்கருவாப் பிடியைக் கொண்டாரச் சொல்லுங்க, அளவு எடுக்கணும்" என்றாள்.

கதிர் அறுக்கிற கருக்கரிவாளின் பிடியைத்தான் கேட்டாள். நான் முருகையனைக் கூப்பிட்டுக் காதில் வேறு ஒன்றைச் சொன்னேன். அப்பாவின் வீச்சரிவாள் பரணில் இருந்தது. பழகினால் அந்தப் பிடியில்தான் பழக வேண்டும் என்று நினைத்தேன். அலகைக் கழற்றிவிட்டுப் பிடியை மட்டும் வேட்டி மடிப்பில் கொண்டுவந்தான். போலீஸ்காரர் பார்த்தார். வெறும் கட்டைதானே என்று விட்டுவிட்டார்.

மல்லிகா வாங்கி ஒருமுறை திருப்பினாள். அளக்கவே இல்லை.

"இது கருக்கருவாப் பிடி இல்லீங்க."

"எங்க வீட்டுல கொஞ்சம் பெரிசா போடுவோம்."

"எங்கம்மா முப்பது வருஷம் கதிர் அறுத்தவங்க. அது என் பெருவிரல் மொத்தம்தான் இருக்கும். இது வீச்சருவாப் பிடி." குரலை உயர்த்தவே இல்லை. "முன்னாடியே சொல்லியிருக்கலாமே. இவ்வளவு நாள் தப்பான வேலைக்குச் செஞ்சிருக்கேன்."

அவள் பிடியை என் உள்ளங்கையில் வைத்து விரல்களை அதன்மேல் மடக்கினாள். விரல்கள் பாதிதான் மடங்கின. ஆனால் பிடி தடிமனாக இருந்ததால் கச்சிதமாகப் பிடித்தன.

"பாத்தீங்களா? கொல்றதுக்கு இந்தக் கை இன்னிக்கே போதும். தடிப் பிடிக்கு விரல் முழுசா மடங்க வேண்டியதில்லை. ஒரு வெட்டுக்குத் தாங்கும். ரெண்டாவது வெட்டுல தையல் பிச்சுக்கும், அப்புறம் எந்த டாக்டராலயும் தைக்க முடியாது. ஒரு வெட்டு போதும்னா நாளைக்கே டிஸ்சார்ஜ் எழுதச் சொல்றேன்." கொஞ்சம் நிறுத்தினாள். "கருக்கருவா சின்னப் பிடி. அதைப் பிடிக்கணும்னா நகம் உள்ளங்கையில தொடணும். அதுக்கு இன்னும் ரெண்டு மாசம், தினம் அழுதுகிட்டே மடக்கணும். எதுக்குன்னு நீங்க சொல்லுங்க."

"உனக்கென்ன தெரியும்" என்று கத்தினேன். "வெட்டுப்பட்டது நீயா?"

"எங்கப்பா. கூலி நெல்லு அரை மரக்கால் கூடக் கேட்டதுக்கு. இதே நாலு விரல்தான். அப்ப தைக்க ஆளில்லை, கடைசி வரைக்கும் மடங்கலை." பிடியைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள். "யோசிச்சுச் சொல்லுங்க. இது என்கிட்ட இருக்கட்டும்."

அன்றும் மறுநாளும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தே கிடந்தேன். கோமதி ஊட்ட வந்த தட்டைத் தட்டிவிட்டேன். அவள் சிதறிய பருக்கைகளைப் பொறுக்கியபடியே சொன்னாள்: "முருகையன் எல்லாத்தையும் சொல்லிட்டான். நீங்க ஜெயிலுக்குப் போனா நிலம் தானா அவன் கைக்குப் போயிரும். அதுக்கு எதுக்கு வெட்டணும், சும்மாவே குடுத்துரலாமே." அவள் சொன்னது சரி என்பதாலேயே எனக்கு இன்னும் கோபம் வந்தது.

மூன்றாம் நாள் காலையில் எழுந்து வார்டின் கடைசிக்கு நடந்தேன். போலீஸ்காரர் டீ குடிக்கப் போயிருந்தார். சேர்ந்ததிலிருந்து முதல் முறையாக அவன் கட்டிலுக்குப் பக்கத்தில் போகிறேன். மணல்மூட்டைக் கயிறு என் கைக்கு எட்டுகிற உயரத்தில் இருந்தது. கையைத் தூக்கிவிட்டேன், அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

தங்கராசு என்னைப் பார்க்கவில்லை. மலச்சட்டி வைக்க இடுப்பைத் தூக்க வேண்டும், அதற்காகப் பாடுபட்டுக்கொண்டிருந்தான். பாதியாய் இளைத்திருந்தான். அவன் தலைக்கு மேலே கட்டில் கம்பியிலிருந்து கயிறு கட்டி ஒரு கட்டை குறுக்கே தொங்கியது. அதை இரண்டு கையாலும் பற்றி, பல்லைக் கடித்து, முனகியபடி உடம்பைத் தூக்கினான். வார்டு ஆள் சட்டியை உள்ளே தள்ளினார். அந்தக் கட்டையின் முனையில் தீயால் சுட்ட இரண்டு கோடு இருந்தது. என் அப்பா தன் சாமான்கள் எல்லாவற்றிலும் போடுகிற கோடு.

அப்போதுதான் அவன் என்னைப் பார்த்தான். தூக்கிய உடம்பை இறக்க முடியாமல் தொங்கிக்கொண்டே என் கையையும் கயிற்றையும் பார்த்தான். பிறகு மேலே பிடியைப் பார்த்தான்.

"இது பெரியப்பா அருவாப் பிடிதானே?" என்றான்.

"ஆமா."

"அலகு?"

"வீட்டுல இருக்கு."

அவன் பிடியை விடவில்லை. விட்டால் முறிந்த கால்மேல் விழுவான். நான் தூக்கிய கையை இறக்கிக்கொண்டு திரும்பி நடந்தேன். வழியில் மல்லிகா வேறு யாருக்கோ ஊன்றுகோலுக்கு உயரம் அளந்துகொண்டிருந்தாள்.

"என்ன வேலை பண்ணியிருக்கே!" என்றேன்.

"பெட்டுல எழும்ப ஒரு பிடி வேணும்னு கேட்டாங்க. நல்ல கட்டை, ஒரு ஆள் பாரம் தாங்கும்னு பட்டறையில போட்டுப் பாத்தேன்" என்றாள், அளவுகோலிலிருந்து கண்ணை எடுக்காமல்.

கட்டிலுக்கு வந்து கோமதியிடம், "கருக்கருவாப் பிடியைக் கொண்டா" என்றேன். அந்த இரண்டு மாதமும் அழுதுகொண்டேதான் மடக்கினேன். வெந்நீரில் கையை வைத்து ஒவ்வொரு விரலாக மல்லிகா அமுக்கும்போது, வெட்டுப்பட்ட அன்றைக்கு வராத வலியெல்லாம் வட்டியோடு வந்தது. ஒருநாள் நடுவிரல் நகம் உள்ளங்கையில் பட்டது. நரம்பு போன விரல் என்பதால் விரலுக்குத் தெரியவில்லை, உள்ளங்கைக்குத்தான் தெரிந்தது.

குத்தகை வழக்கு இன்னும் நடக்கிறது. தங்கராசு நொண்டிக்கொண்டு வாய்தாவுக்கு வருகிறான், நானும் போகிறேன், ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வதில்லை. தை மாதம் வேறொருவர் வயலில் கூலிக்கு நின்று கதிர் அறுத்தேன். சாயங்காலத்துக்குள் கை வீங்கிவிட்டது, ஆனாலும் அறுத்தேன்.

அப்பாவின் பிடியை நான் திருப்பிக் கேட்கவில்லை. அலகு மட்டும் பரணில் கிடக்கிறது. அதற்குப் புதுப் பிடி போட இன்னும் யாரிடமும் கொடுக்கவில்லை.